பேசாத படம் வாதாடுவது எப்படி

செக்கோஸ்லோவாக்கியாவின் ஓவியர் ஸ்டெனெக் மிலரிடம் 1950-களில் ஒரு வேலை வந்தது. ஆளிச்செடியின் நாரிலிருந்து துணி எப்படி உருவாகிறது என்று குழந்தைகளுக்கு விளக்கும் கார்ட்டூன் படம் ஒன்று வேண்டும். மிலர் அதைப் பாடமாக எடுக்கவில்லை. மண்ணுக்குள் வளை தோண்டும் துன்னெலி ஒன்றைக் கதாநாயகனாக்கினார். பொறுக்கிச் சேர்க்கும் சாமான்களைப் போட்டுக்கொள்ள அதற்குப் பை வைத்த கால்சட்டை வேண்டும். அந்த ஒரு ஆசைக்காக அது ஆளிச்செடியை வளர்க்கிறது. நாரைச் சீவ ஒருவர், நூற்கச் சிலந்திகள், நெய்ய எறும்புகள், தைக்க ஒரு பறவை என்று காடே வேலைக்கு வருகிறது. 1957-இல் வெளியான அந்தப் படம் வெனிஸ் விழாவில் பரிசு வாங்கியது. அதில் பேச்சு இருந்தது. பின்னால் வந்த துன்னெலிப் படங்களில் மிலர் பேச்சை எடுத்துவிட்டார். எந்த நாட்டுக் குழந்தைக்கும் புரியவேண்டும் என்பதுதான் காரணம். தம் மகள்களின் சிரிப்பையும் வியப்பொலிகளையும் மட்டும் துன்னெலிக்குக் குரலாக வைத்துக்கொண்டார்.

பட்டு நெய்யும் ஆரணியில் இருந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்த்தால் முதலில் பிடிபடுவது வேலையின் வரிசை. அங்கே செடியின் நார், இங்கே புழு கட்டிய கூடு. மற்றபடி முறுக்கேற்றுவது, சாயம் தோய்ப்பது, பாவு ஓட்டுவது, அச்சுப் பிணைப்பது, தார் சுற்றுவது, நெய்வது என ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போய்க்கொண்டே இருக்கும் அதே வேலைதான். ஆரணியின் சைதாப்பேட்டையிலோ கொசப்பாளையத்திலோ தறி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் வாயால் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றிருக்கும்.

சொல்லே இல்லாத குறு அனிமேஷன் படம் எதை வைத்து நம்மை நம்பவைக்கிறது, எதை வைத்து உருக்குகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்ற கேள்வியை இந்த ஊரிலிருந்து கேட்கக் காரணம் இருக்கிறது. கடைத்தெருவில் தமிழ் பேசும் ஊர், வீட்டுக்குள் போனால் சௌராஷ்டிரமும் தெலுங்கும் உருதும் பேசும். தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அதைவிடப் பெரிய காரணம், நெசவாளர்களைப் பற்றி வந்துகொண்டிருக்கும் குறும்படங்கள். நான் பார்த்தவற்றில் பல ஒரே அச்சு: சுருக்கம் விழுந்த கை, மங்கல் வெளிச்சம், இழுத்து அழும் வயலின். பார்த்தவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலை ஒன்று இதைவிட அதிகம் செய்யவல்லது.

முதலில் கண்ணைப் பற்றிப் பேசவேண்டும். 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு மிகச் சிறிய படத்தை மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு போலத் திறந்து மூடும் ஒரு பெட்டி. இவை நகர்கின்றன, அவ்வளவுதான். முகம் கிடையாது, குரல் கிடையாது. பார்த்ததை எழுதச் சொன்னபோது 34 பேரில் ஒரே ஒருவர்தான் முக்கோணம் இப்படி நகர்ந்தது, வட்டம் அப்படி நகர்ந்தது என்று எழுதினார். மற்ற எல்லாருமே உயிருள்ளவர்களின் செயலாக எழுதினார்கள்: முரடன் ஒருவன் துரத்துகிறான், பயந்தவள் ஒளிகிறாள், காதலன் காப்பாற்றுகிறான் என்கிற மாதிரி. அசைவைக் கண்டால் அதற்குப் பின்னால் ஒரு மனத்தை வைத்துப் பார்க்காமல் நம்மால் இருக்க முடிவதில்லை.

1986-இல் ஜான் லாசெட்டர் பிக்சார் நிறுவனத்துக்காகச் செய்த 'லக்சோ ஜூனியர்' இதற்கு இன்னொரு சாட்சி. இரண்டு மேசை விளக்குகள், ஒரு பந்து, ஏறத்தாழ இரண்டு நிமிடம். கணினி வரைகலை வல்லுநர்கள் கூடிய மாநாட்டில் அதைத் திரையிட்ட பிறகு, அத்துறையின் பெரியவர்களில் ஒருவரான ஜிம் பிளின் எழுந்து வந்தார். நிழல் விழுவதற்கான கணக்கைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் பயந்தாராம். பிளின் கேட்டது, பெரிய விளக்கு அப்பாவா அம்மாவா என்று. கணக்குப் போடுவதையே தொழிலாகக் கொண்டவருக்கும் அங்கே கணக்கு மறந்துவிட்டது.

இதில்தான் சொல்லில்லாப் படத்தின் வாதத்திறமை இருக்கிறது. வசனம் ஒன்றைச் சொன்னால் அதை ஏற்கலாம், மறுக்கலாம். படம் வாயை மூடிக்கொண்டால், நடந்தது இன்னதென்ற தீர்ப்பைப் பார்ப்பவரே தம் மனத்துக்குள் தம் மொழியில் சொல்லிக்கொள்கிறார். தானே சொன்ன தீர்ப்போடு யாரும் சண்டை போடுவதில்லை. தெருக்கோடியில் மைக் பிடித்துப் பேசும் பிரசாரகரைவிட இந்தப் படங்கள் ஆழமாக இறங்குவதற்கும், அதே காரணத்தால் அவற்றிடம் கவனமாக இருக்கவேண்டியதற்கும் மூலம் இதுவே.

அசைவு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஆரணிக்காரர்கள் தொலைதூரம் போகவேண்டாம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்குகின்றன. மிதியை அழுத்தினால் ஓர் அட்டை வந்து ஊசிகளின்மேல் பதிகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போக, அதோடு சேர்ந்த பாவிழை மேலே ஏறுகிறது. துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கிறது. நடுவே நாடா ஒருமுறை ஓடுகிறது. அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. எந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாலும் அதில் மயில் தெரியாது. அட்டைகள் வரிசையாக ஓடி முடித்த பிறகுதான் முந்தியில் மயில் நிற்கிறது. அனிமேஷனிலும் அப்படியே. தனிப்பட்ட ஃப்ரேமில் இருப்பதைவிட இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே நடப்பதுதான் முக்கியம் என்று கனடாவின் நார்மன் மக்லாரன் வற்புறுத்திவந்தார். அந்தத் தறிப் பெட்டிக்குப் பெயர் தந்த ஜோசப் மேரி ஜக்கார்டின் உருவத்தையே 1839-இல் பட்டில் நெய்தபோது 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற சினிமாக் கணக்கில் அது 16 நிமிடத்துக்குச் சற்று அதிகம். நல்ல குறும்படம் ஒன்றின் நீளம்.

அசைவால் தூண்டப்படும் உணர்ச்சிகள் எவை என்று வகைப்படுத்த மேல்நாட்டு உளவியல் நூல்களையே நம்பவேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கிறது என்றும் சொல்கிறது. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு (இங்கே தளர்ச்சி என்று பொருள்), வறுமை என்ற நான்கிலிருந்து. பெருமிதம் பிறப்பது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றிலிருந்து. உணர்ச்சி உடம்பில் தெரியவேண்டும், அதற்கு உலகில் ஒரு காரணம் இருக்கவேண்டும் என்ற இந்த இரட்டை நிபந்தனை சொல்லில்லாப் படத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

டச்சு நாட்டில் பிறந்த மைக்கேல் டுடோக் டி விட் 2000-இல் எடுத்த 'தந்தையும் மகளும்' எட்டே நிமிடம். தந்தை மகளிடம் விடைபெற்றுப் படகேறிப் போகிறார், திரும்பவில்லை. மகள் சைக்கிளில் அந்தக் கரைக்கு வந்து வந்து பார்க்கிறாள். சிறுமி, இளம்பெண், தாய், கிழவி. நீர் வற்றிப் புல் முளைத்த நிலத்தில் கடைசியாக அந்தப் படகைக் காண்கிறாள். முகங்கள் நமக்குத் தெளிவாகத் தெரிவதே இல்லை. கிழவியானபின் காற்றை எதிர்த்து அந்தச் சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளும் விதத்திலேயே காலம் போனது தெரிகிறது. இழவும் அசைவும் சேர்ந்த அழுகை அது. ஜப்பானின் குனியோ காத்தோ 2008-இல் செய்த படமும் இப்படித்தான். கடல் மட்டம் உயர உயர வீட்டின்மேல் வீடு கட்டிக்கொண்டு போகிறார் ஒரு முதியவர். கீழே விழுந்த புகைக்குழாயை எடுக்க நீரில் மூழ்கும்போது, ஒவ்வொரு தளத்திலும் தாம் வாழ்ந்த ஒவ்வொரு காலமும் இருக்கிறது. இரண்டு படத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது. பரிசைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டிலும் யாரும் அழுது காட்டுவதில்லை என்பது. ஒருவர் சைக்கிள் மிதிக்கிறார், ஒருவர் செங்கல் அடுக்குகிறார். அழுவது நாம்.

உடல்மொழி உலகப் பொதுமொழி என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பாதிதான் உண்மை. உளவியலாளர் பால் எக்மன் 1960-களில் பாப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் முகப்படங்களைக் காட்டி, அடிப்படை உணர்ச்சிகளின் முகக்குறிகள் எல்லா மனிதருக்கும் ஒன்றே என்றார். 2016-இல் கார்லோஸ் கிரிவெல்லியும் உடன் ஆய்ந்தவர்களும் டுரோபிரியாண்ட் தீவுகளில் கேட்டபோது, மேல்நாட்டார் அச்சம் என்று படிக்கும் முகத்தை அங்குள்ளவர்கள் மிரட்டல் என்று படித்தார்கள். நம் ஊரில் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பதை வெளியார் மறுப்பாக எடுத்துக்கொள்வதும், வெள்ளைச் சேலையும் வெள்ளை மணஉடையும் எதிரெதிர்ச் செய்தி சொல்வதும் தெரிந்ததே. முகபாவத்தைவிட வேலையும் எடையும் ஊர் கடந்து போகின்றன. கனமான கூடையைத் தூக்குபவரின் முதுகு எங்கே வளையும் என்பது எல்லா ஊரிலும் ஒன்று. துன்னெலி இத்தனை நாடுகளில் செல்லமானதற்கும் இதுவே காரணமாக இருக்கவேண்டும்.

ஒலியைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். சொல் இல்லை என்றால் சத்தம் இல்லை என்று பொருளில்லை. டாம் அண்டு ஜெர்ரியில் பூனையின் ஒவ்வொரு அடிக்கும் ஸ்காட் பிராட்லியின் இசைக்குழு ஒரு சுரம் வைத்திருக்கிறது. அந்தப் படங்களை ஒலி அணைத்துப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. உருக்க நினைக்கும் பல படங்களை ஒலி அணைத்துப் பார்த்தால் ஒன்றும் வருவதில்லை. இசை அங்கே வசனத்தின் வேலையைக் கள்ளத்தனமாகச் செய்துகொண்டிருக்கிறது. அழு என்று சொல்லும் வயலின், அழு என்று எழுதிக் காட்டும் அட்டையைவிட நேர்மையானதில்லை. ஒரு படத்தை எடைபோட இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் இந்தக் கலை அரசாங்கத்தின் கையைப் பிடித்து வளர்ந்தது. 1948-இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனில் 1956-இல் கார்ட்டூன் பிரிவு வந்தது. டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி கொடுத்தார். ஜாதகக் கதையை அஜந்தா ஓவிய நடையில் சொன்ன 'பேனியன் டீர்' 1957-இல் வந்தது. கொட்டகைகளில் முக்கியப் படத்துக்கு முன் பிலிம்ஸ் டிவிஷன் படம் போட்டே ஆகவேண்டும் என்பது அன்று சட்டமாக இருந்தது. ஆரணிக் கொட்டகைகளுக்கும் அது பொருந்தியது. அந்தக் காலத்தவர்களுக்கு பிலிம்ஸ் டிவிஷன் என்றாலே கட்டைக் குரலில் ஓயாமல் பேசும் வர்ணனையாளர்தான் நினைவுக்கு வருவார். அதற்கு நடுவில் பிரமோத் பதி என்ற ஒருவர், ப்ராகில் பொம்மைப்பட மேதை யிர்ஷி டிரன்காவிடம் பயின்று திரும்பியவர், வர்ணனையைத் தூக்கி எறிந்தார். 1968-இல் வந்த அவருடைய 'எக்ஸ்ப்ளோரர்' வேகமும் ஒலியும் மட்டுமே. குடும்பக் கட்டுப்பாடு போன்ற பிரசாரத்துக்கும் அந்த வழியையே முயன்றார். 1975-இல், நாற்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார். அவர் வழியில் தொடர்ச்சியாக ஒரு பரம்பரை உருவாகாமல் போனது இந்தியத் திரைக்குப் பெரிய இழப்பு.

பதியின் ஆசான் டிரன்கா 1965-இல் எடுத்த 'கை' என்ற படத்தை ஒவ்வொரு கைவினைஞரும் பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு சின்ன அறையில் ஒரு குயவப் பொம்மை தன் பூச்செடிக்காகச் சட்டி வனைகிறது. கையுறை அணிந்த பிரம்மாண்டமான கை ஒன்று உள்ளே வந்து, சட்டி வேண்டாம், கையின் சிலையைச் செய் என்று களிமண்ணைப் பிசைந்து காட்டுகிறது. பொம்மை மறுக்கிறது. பணம், பதக்கம், மயக்கு, மிரட்டல் எல்லாம் வருகின்றன. கடைசியில் கயிறு கட்டி ஆட்டி, கூண்டுக்குள் வைத்து, தன் சிலையைச் செதுக்க வைக்கிறது அந்தக் கை. தப்பி வந்த பொம்மை தன் பூச்சட்டி தலையில் விழுந்து சாகிறது. அதே கை அதற்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துகிறது. படத்தில் ஒரு பெயரும் இல்லை. டிரன்கா இறந்தபின் அந்நாட்டு அரசு அதைத் தடைசெய்தது. குற்றச்சாட்டு யார்மீது என்று யாரும் சொல்லவில்லை, அரசுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கையை வேறு விதமாகவும் படிக்கலாம். தனக்குப் பிடித்த புட்டாவை ஒதுக்கிவைத்துவிட்டு, கொடுத்த டிசைனையே கூலிக்கு நெய்யும் ஒருவருக்கு அது எந்தக் கையாகத் தெரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டுப் படங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது கீதாஞ்சலி ராவ் 2006-இல் முடித்த 'பிரிண்டட் ரெயின்போ'. பதினைந்து நிமிடம், பெரும்பகுதி அவரே கையால் தீட்டியது. கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் மூன்று பரிசுகள் பெற்றது. நகரத்து அடுக்குமாடியில் பூனையோடு தனியாக வாழும் ஒரு முதிய பெண், தீப்பெட்டிகள் சேர்க்கிறார். அவருடைய அன்றாடம் சாம்பல் நிறத்தில் போகிறது. தீப்பெட்டி லேபிள் ஒன்றை உற்றுப் பார்த்தால் அதற்குள் போய்விடுகிறார், அங்கே நிறங்கள் கொட்டுகின்றன. இந்தியத் தீப்பெட்டித் தொழிலின் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில்தான். அந்த லேபிள்களின் கிளியும் யானையும் தாமரையும் நம் வீட்டு அடுப்படியில் கிடந்தவை. முதுமையின் தனிமையைச் சொல்ல ராவ் கண்ணீரைக் காட்டவில்லை. நிறத்தை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். பாவுச் சாயத்தின் ஒரு பதம் மாறினாலும் கண்டுபிடிக்கும் ஊருக்கு இந்த வாதம் உடனே விளங்கும்.

இனி இந்தப் படங்கள் தடுமாறும் இடம். மக்லாரனின் 'நெய்பர்ஸ்', 1952. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவர் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லைக் கோட்டில் ஒரு பூ முளைக்கிறது. இருவருக்கும் அது பிடித்துப்போகிறது. வேலி வருகிறது, வேலியே ஆயுதமாகிறது, முகங்கள் காட்டுமுகங்களாகின்றன, மனைவியும் கைக்குழந்தையும்கூட அடிபட்டுச் சாகிறார்கள். பூ மிதிபட்டுப் போகிறது. உயிருள்ள நடிகர்களை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எடுத்த எட்டு நிமிடப் படம். மனைவி, குழந்தை சாகும் காட்சியை வெட்டச் சொன்ன காலம் உண்டு, வியட்நாம் போர்க் காலத்தில் அது திரும்பச் சேர்க்கப்பட்டது. யுனெஸ்கோவுக்காக 1949-இல் சீனாவிலும் பின்னர் 1953-இல் இந்தியாவிலும் கற்பித்த மக்லாரன், சீனத்தில் கண்டதும் கொரியப் போரும்தான் இந்தப் படத்துக்குத் தூண்டுதல் என்றார். இவ்வளவு வலிமையாக எடுத்துவிட்டு, முடிவில் அண்டை வீட்டாரை நேசி என்ற வாசகத்தைப் பல மொழிகளில் எழுதிக் காட்டினார். அந்த எழுத்து வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவருடைய தயக்கம் புரிகிறது. என்ன நடந்தது என்பதைப் படம் காட்டிவிட்டது. இனி என்ன செய்வது என்பதைக் காட்ட அதற்கு வழியில்லை.

2020-இல் வந்து ஆஸ்கர் பெற்ற, பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோரைப் பற்றிய அமெரிக்கப் படத்திலும், உச்சத்தில் செல்பேசியில் மகள் அனுப்பிய ஒரே வரி வருகிறது. அந்த வரியே படத்தின் தலைப்பு. ஸ்டீவ் கட்ஸின் 'மேன்', 2012, இதற்கு நேர் எதிர்த் தவறைச் செய்கிறது என்பேன். ஒரு மனிதன் மிதித்துக்கொண்டே போய் உலகத்தைக் குப்பைமேடாக்குகிறான். பார்க்க அபாரமாக இருக்கிறது. ஆனால் மொத்த மனித குலத்தையும் ஓர் ஆளாக்கிவிட்டதால், பொறுப்பு எல்லார்மேலும் விழுந்து யார்மேலும் ஒட்டாமல் போகிறது. ஆரணியில் ஓடும் நம் கமண்டல நாகநதியைப் பற்றி ஒருவர் இப்படி ஒரு படம் எடுத்தால் கறுத்த நீரைக் காட்டலாம். அது எந்தக் குழாயிலிருந்து வந்தது, எந்த அனுமதியின் பேரில் வந்தது என்பதை அந்த நடையில் காட்ட முடியாது.

பரிதாபம் கொடையைக் கூட்டும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது. டெபரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் 2007-இல் வெளியிட்ட சோதனைகளில், பசியால் வாடும் ஒரு குழந்தையை மட்டும் பார்த்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள், பஞ்சத்தின் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவாகக் கொடுத்தார்கள். சொல்லில்லாப் படத்தின் சாதகம் இது. அபாயமும் இதுவே. சில்லறையை வாங்கித் தரும் உணர்ச்சி, விலையைக் கேட்டுத் தருவதில்லை. நெசவாளருக்கு வேண்டியது கொடையல்ல, செய்த வேலைக்கு உரிய விலை.

அதனால் ஆரணிக்காக யாராவது ஒரு சொல்லில்லாப் படம் செய்வதாக இருந்தால், அழுகையை விட்டுவிட்டுப் பெருமிதத்தைப் பிடிக்கட்டும். தொல்காப்பியர் பெருமிதத்துக்கு முதல் காரணமாகக் கல்வியை வைத்திருக்கிறார். தறியில் அந்தக் கல்வி கண்ணால் பார்க்கக்கூடியது. ஓர் இழை அறுந்தால், ஆயிரக்கணக்கான பாவிழைகளுக்கு நடுவில் அதை விரல் தேடிக் கண்டுபிடித்து, முறுக்கிச் சேர்த்து, ஒன்றுமே நடக்காதது போல நாடாவை ஓட்டும் அந்தச் சில நொடிகளை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்தால் போதும். பட்டையும் செயற்கை இழையையும் தீயில் காட்டும் சோதனைக்கும் சொல் வேண்டாம். பட்டு மயிர் போலச் சுருண்டு, கையில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகிறது. செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகிறது. கல்யாணச் சேலை எடுக்க வந்தவர் இதை ஒருமுறை பார்த்துவிட்டால், விலை ஏன் இவ்வளவு என்ற கேள்வியைக் கேட்கும் தொனியே மாறும். மிலர் கால்சட்டைக்குச் செய்ததைப் போல, ஒரு சேலை எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது என்ற வரிசையைக் காட்டுவது எந்த வயலினையும்விட வலுவாக வாதாடும்.

வரிசையால் சொல்ல முடியாதது மிஞ்சும். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 11 வகைத் துணிகளை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று கைத்தறிக்கென ஒதுக்கியிருக்கிறது, பட்டுச் சேலையும் அதில் அடக்கம். அந்தச் சட்டம் மீறப்படும்போது புகார் எங்கே கொடுப்பது, கூட்டுறவுச் சங்கத்தில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, பட்டு முத்திரை எதற்கு உத்தரவாதம் எதற்கு இல்லை என்பதையெல்லாம் எந்த விளக்கும் எந்தப் பொம்மையும் நடித்துக்காட்ட முடியாது. அவற்றைப் படத்தின் முடிவில் எழுத்தாக ஓடவிடுவதைவிட, திரையை அணைத்துவிட்டு, விவரம் தெரிந்த ஒரு நெசவாளர் எழுந்து நின்று தமிழிலும் சௌராஷ்டிரத்திலும் சொல்வதே சரி.